சாட்டை விழும் இடம்

எர்னெல்டா அத்தை படம் பார்க்க வந்தபோது கையில் ஒரு மரக்கரண்டி இருந்தது. பள்ளிக்கூட மண்டபத்து வாசலில் நின்றிருந்த லெண்டோர் அதைப் பார்த்துவிட்டார்.

"என்ன எர்னெல், படம் பாக்க வந்தியா, சோளக்களி கிண்ட வந்தியா?"

"உன் மண்டையில போட. வழியை விடு."

"என் மண்டையில போட்டா கரண்டிதான் போகும். கஸிமிர் போடாத அடியையா நீ போடப்போற..." என்றவர் சட்டென்று நிறுத்திக்கொண்டார்.

கஸிமிர் அவளுடைய தம்பி. இறந்து ஒன்றரை வருடம் ஆகிறது. அன்று காட்டப்போகிற படத்தில் அவன் வருகிறான். அவன் குரலைக் கேட்கத்தான் அத்தை வந்திருந்தாள். முகத்தைப் பார்க்க அல்ல. முகம் எப்படியும் தெரியாது.

கரீபியன் கடலில் இருக்கும் எங்கள் கரியாக்கு தீவில் கார்னிவல் திருவிழாச் செவ்வாய் என்றால் வசனச் சண்டைதான். ஒட்டுத்துணி அங்கி, தலையில் துணி திணித்த கிரீடம், முகத்தில் வெள்ளை பூசிய கம்பி வலை. இப்படி மாட்டிக்கொண்டு ஊருக்கு ஒருவனாக இரண்டு பேர் தெருவில் எதிரெதிரே நிற்பார்கள். ரோமாபுரித் தளபதி ஒருவனை அவனுடைய நண்பர்களே குத்திக் கொல்லும் அந்தப் பழைய நாடகத்திலிருந்து ஒருவன் ஒரு நீளமான பேச்சை எடுத்துவிடுவான். மற்றவன் வேறொன்றால் மடக்குவான். ஒரு வரி விட்டால் சாட்டையடி. மின்கம்பியை முறுக்கிச் செய்த சாட்டை, கிரீடத்தைத் தாண்டித் தோளில் இறங்கும். சின்ன வயதில் நானும் மற்ற பிள்ளைகளும் வேலியில் தொற்றிக்கொண்டு, வலைக்குப் பின்னால் இருப்பது யார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்போம்.

கஸிமிரின் குரல் கண்டுபிடிக்க வேண்டாத குரல். தெருமுனையில் தொண்டையைச் செருமினாலே போதும், "பெடோ வர்றான்" என்று அவன் குடும்பப் பெயரைச் சொல்லிக் கூட்டம் விலகும். மீன் பிடிக்கிறவன், காற்றை எதிர்த்துக் கத்திக் கத்திப் பழகிய தொண்டை. கொஞ்சம் மூக்கால் பேசுவான். அந்த நாடகத்து இரங்கல் பேச்சை அவன் வாயால் கேட்டால், செத்தவன் ரோமாபுரிக்காரனாகத் தோன்றாது. பக்கத்துத் தெருவில் யாரோ போய்விட்டதுபோல் இருக்கும்.

ஆனால் அந்தப் பேச்சு முழுக்க எர்னெல்டாவிடமிருந்து போனது. அவர்களுடைய அம்மா வேலை தேடி டிரினிடாட் போய் அங்கேயே வேறு குடும்பம் ஆகிவிட்டாள். தம்பியை அக்காதான் வளர்த்தாள். அவனுக்கு எழுத்து கண்ணில் நிற்காது. கிறிஸ்துமஸ் முடிந்ததும் அவள் துணி துவைக்கும் தொட்டியருகே வலை பின்னிக்கொண்டு உட்கார்ந்துவிடுவான். புத்தகத்தை ஜன்னல் விளிம்பில் கல்லை வைத்துத் திறந்து வைத்திருப்பாள். அவள் ஒரு வரி சொல்ல, அவன் ஒரு வரி சொல்ல, டைரல் விரிகுடாவில் உல்லாசப் படகுகளை நங்கூரமிட்ட வெள்ளைக்காரர்கள் கூலிக்குத் துவைக்கக் கொடுத்த படுக்கை விரிப்புகள் வெளுத்துக்கொண்டிருக்கும். அவன் ஒரு வரி விட்டால் மரக்கரண்டியால் தொட்டியில் ஒரு தட்டு. போகப் போகப் புத்தகமே வேண்டியிருக்கவில்லை. அவளுக்கு எல்லாமே மனப்பாடம். ஆனால் தெருவில் இறங்கி அவள் ஒரு நாளும் பேசியதில்லை. யாரும் தடுக்கவில்லை. பெண்கள் செய்வதில்லை, அவ்வளவுதான்.

கஸிமிருக்கு ஒரே ஒரு இடம் எத்தனை வருடம் ஆனாலும் சரியாகவில்லை. பிணத்தின் மேல் கிடக்கும் அங்கியை விலக்கி, குத்திய ஓட்டைகளைக் கூட்டத்துக்குக் காட்டுகிற இடம். அங்கே வந்ததும் அவனுக்கு அடுத்த வரி போய்விடும். அதற்காக அத்தை ஒவ்வொரு வருடமும் சாராயக்கடைப் படியில் ஒரே இடத்தில் நிற்பாள். அவன் முகமூடியை அந்தப் பக்கம் திருப்புவான். அவள் சத்தமில்லாமல் வாயசைப்பாள். வரி வந்துவிடும். எதிரே நிற்கும் லெண்டோரும் சாட்டையை ஓங்கிவிட்டு ஒரு மூச்சு பொறுப்பார். எல்லோருக்கும் தெரிந்த திருட்டுத்தனம் அது.

"உன் தம்பிக்கு நாக்கு அவன் வாயில இல்ல எர்னெல், உன் வாயில இருக்கு" என்று லெண்டோர் ஒவ்வொரு வருடமும் சொல்வார்.

"உனக்குப் பொறாமை. உங்கக்கா உன்கூடப் பேசறதே இல்ல."

அவன் இறந்த வருடக் கார்னிவலின்போதுதான் படக்காரர்கள் வந்தார்கள். அதே நாடகத்தை இந்தக் காலத்துக்கு மாற்றிப் படம் எடுக்கிறார்களாம். தளபதிக்குப் பதில் ஒரு கரீபியன் தீவின் பிரதமர், கத்தி அதே கத்தி. தெருவில் வசனச் சண்டை நடக்கிற காட்சி ஒன்று வேண்டும் என்று கஸிமிரையும் லெண்டோரையும் பிடித்தார்கள். ஜூலையில் புயல் வந்தது. புயல் எச்சரிக்கை வந்ததும் எல்லோரையும்போல் கஸிமிர் தன் படகை அலையாத்திக் காட்டுக்குள் கொண்டுபோய் வேர்களில் கட்டினான். கட்டியவன் திரும்பி வந்திருக்கலாம். கயிறு அறுந்தால் மாற்ற ஆள் வேண்டும் என்று படகிலேயே இருந்துவிட்டான். புயல் பெரிய படகுகளைத் தூக்கிச் சின்னவற்றின் மேல் அடுக்கிவிட்டுப் போனது. அவனை எடுக்கச் சில நாட்கள் ஆயின.

ஊரில் ஒரு வீட்டுக்கும் கூரை இல்லாத நேரம். மேளமில்லை, செத்தவனுக்காக ஊர் விழித்திருக்கும் இரவு இல்லை, பெட்டிகூட கப்பலில் வந்த பலகையில் அடித்ததுதான். அவசரமாகப் புதைத்தார்கள். எர்னெல்டாவின் வீட்டில் அடித்தளம் மட்டும்தான் மிஞ்சியது. எப்போதோ கஸிமிர் பேசியதைப் பதிந்து வைத்த ஒரு கேசட் அவளிடம் இருந்தது. அது ஜன்னலோடு போயிற்று.

நான் ஊர் திரும்பியது அதற்குப் பிறகு. பல வருடம் சுற்றுலாக் கப்பல்களிலும், பெயர் மறந்துபோன துறைமுக ஊர்களிலும் வேலை பார்த்துவிட்டு வந்தேன். வந்த நாளிலிருந்து எப்போது போகப்போகிறேன் என்றுதான் எல்லோரும் கேட்டார்கள். அத்தை மட்டும் கேட்கவில்லை. ஒட்டுப்பலகைச் சுவரும் நீலத் தார்ப்பாயுமாக இருந்த அவளுடைய ஒற்றை அறைக்குப் போனேன். மூலையில் வெள்ளைத் துணி போர்த்தி ஏதோ நின்றது.

"கஸிமிரோட கல்லு. பேரெல்லாம் வெட்டி வந்தாச்சு" என்றாள்.

எங்கள் வழக்கத்தில் கல்லறைக்கல்லை உடனே வைப்பதில்லை. முடிகிறபோது வைப்பார்கள். முந்தின நாள் கல்லைக் கழுவி, உப்பில்லாத சோளக்களியும் மீனும் முன்னோருக்குத் தனித்தட்டில் படைத்து, மேளம் அடித்து, ஊருக்குச் சோறு போட்டு, மறுநாள் தூக்கிக்கொண்டு போவார்கள். கல் வைத்த பிறகுதான் செத்தவன் போய்ச் சேர்ந்தான் என்று அர்த்தம். கல் தயாராகிப் பல மாதம் ஆகியும் அவள் வைக்கவில்லை.

"படம் வரட்டும். கல்லு கழுவற அன்னிக்கு அவன் பேசறதைப் போடணும். புதைச்சப்பதான் ஒரு சத்தம் இல்லாம புதைச்சோம். இப்பவாவது அவனே பேசட்டும், ஊரு வாயைப் பொத்திக்கிட்டுக் கேக்கட்டும்."

"படத்துல அவர் பேசறது எவ்வளவு வரும்னு தெரியாதே அத்தை. வெட்டிருவாங்க."

"அப்ப கேட்டுச் சொல்லு. கப்பல்காரிதானே நீ, ஊரு உலகமெல்லாம் தெரிஞ்சவ."

கேட்டேன். படக்குழுவிலிருந்து பிலிப்பா என்ற பெண் உடனே பதில் போட்டாள். அந்தக் காட்சி முழுசாகப் படத்தில் இருக்கிறது, ஒன்றும் வெட்டவில்லை, படத்திலேயே அதுதான் அருமையான இடம் என்று எல்லோரும் சொல்கிறார்கள், உங்கள் ஊரிலேயே வந்து காட்டப்போகிறோம். அதை வாசித்துச் சொன்னபோது அத்தை துணியை விலக்கிக் கல்லை ஒருமுறை துடைத்தாள். அன்றிலிருந்து அவள் கண்ணில் ஒரு அவசரம் வந்தது. உப்பில்லாத களிக்குச் சோளம் சேர்த்தாள். ஒலிபெருக்கிக்கு ஆள் சொன்னாள். படகுகளே இல்லாத விரிகுடாவில் துவைக்கத் துணி ஏது? நிவாரண டின் மீனைத்தான் தின்றுகொண்டிருந்தாள். ஆனாலும் ஒரு ஆட்டைச் சொல்லி வைத்துவிட்டாள்.

மண்டபத்துக்கும் கூரை தார்ப்பாய்தான். பிற்பகல் வெயில் அதற்குள் நீலமாக இறங்கியது. வெளிச்சத்தை மறைக்கச் சாளரங்களில் சாக்குகளைக் கட்டியிருந்தார்கள். திரைக்கு ஒரு பாய்க்கப்பலின் பெரிய பாய். பிலிப்பா சின்னப் பெண், எல்லோரையும் கட்டிப்பிடித்தாள். மாலைப் படகைப் பிடிக்க வேண்டும் என்று அடிக்கடி கைப்பேசியைப் பார்த்தாள்.

படம் தொடங்கியது. கோட்டு சூட்டு போட்ட மந்திரிகள் கண்ணாடிக் கட்டடங்களில் கூடிக்கூடிப் பேசினார்கள். பழைய வசனத்தையே பேசினார்கள், ஆனால் பாதி பாதியாக. முதல் வரி விடுபட்டதுமே பின்வரிசையிலிருந்து ஒருவர், "விட்டுட்டான்!" என்று கத்தினார். எல்லோரும் பெஞ்சைத் தட்டினார்கள். அடுத்த மந்திரி நாலு வரியைத் தாண்டினான்.

"அடி அவனை!"

"சாட்டையைக் கொடு லெண்டோரு, பாய்க்குள்ள பூந்து வெளு!"

"இவன் என்ன மந்திரி, பத்து வரி சேந்தாப்ல வரல. எங்க சந்துக்கு வந்திருந்தா தோல உரிச்சிருப்போம்."

பிலிப்பா புரியாமல் சிரித்தாள். பிரதமரைக் குத்துகிற இடத்தில் அவன் கைப்பேசி அடித்துக்கொண்டே கிடந்தது. "யாராவது எடுங்கப்பா, பொண்டாட்டியா இருக்கும்" என்றார் ஒருவர். அத்தைகூடச் சிரித்தாள். கரண்டி மடியில் கிடந்தது.

பிறகு எங்கள் தெரு வந்தது. புயலுக்கு முந்தின தெரு. கூரையுள்ள வீடுகள், இப்போது இல்லாத மாமரம், சாராயக்கடையின் பச்சைக் கதவு. மண்டபம் அமைதியானது. அங்கி ஆட கஸிமிர் நடந்து வந்தான். அந்த நடையை யாரும் மறக்கவில்லை. இடதுகாலைக் கொஞ்சம் வீசி வைப்பான். எதிரே லெண்டோர். கஸிமிர் கையை உயர்த்தினான். குரல் வந்தது.

நல்ல குரல். கனத்த, தெளிந்த, பதமான குரல். ஏதோ மூடிய அறைக்குள்ளிருந்து வந்தது. வலைக்குப் பின்னாலிருந்து பேசினால் மூச்சு வலையில் மோதும், எச்சில் தெறிக்கும், சில சொற்கள் ஈரமாகிவிடும். இதில் அதெல்லாம் இல்லை. காற்றும் இல்லை. சேவலும் கூவவில்லை.

நான் அத்தையைப் பார்த்தேன். அவள் தலையைச் சற்றுச் சாய்த்து, சரியாகக் கேட்காதவள்போல் இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே கேட்டாள்.

"யாரு பேசறா?"

நான் திரையையே பார்த்தேன்.

"யாருடி பேசறா?"

திரையில் பேச்சு போய்க்கொண்டிருந்தது. பிணத்தின் அங்கியை விலக்குகிற இடம் வந்தது. கஸிமிரின் தோள் மேலே ஏறி அப்படியே நின்றது. உயர்த்திய கை நின்றது. முகமூடி மெல்ல இடப்பக்கம், சாராயக்கடைப் படிப்பக்கம் திரும்பியது. அவன் நின்றுவிட்டான் என்பது எனக்கும் அத்தைக்கும் தெரிந்தது. ஆனால் குரல் நிற்கவில்லை. விட்ட வரியையும் சேர்த்து அழகாகச் சொல்லிக்கொண்டே போனது. முகமூடி படியையே பார்த்தபடி இருந்தது. லெண்டோரின் சாட்டை இறங்கியது. கஸிமிர் முழங்காலில் விழுந்தான். அடுத்த காட்சியில் கலவரம், எரிகிற கார்கள்.

எர்னெல்டா கரண்டியால் பெஞ்சில் ஒரே ஒரு தட்டுத் தட்டினாள். நேரம் கடந்துபோய் விழுந்த தட்டு.

முன்வரிசையிலிருந்து ஒருத்தி திரும்பி, "ஏன்யா லெண்டோரு, அவன்தான் சொல்லிட்டானே, அப்புறம் எதுக்கு அடிச்சே?" என்றாள். இன்னும் சிலர் திரும்பினார்கள். லெண்டோர் எழுந்தார். திரையை ஒருமுறை பார்த்துவிட்டு உட்கார்ந்துவிட்டார்.

படம் முடியும்வரை அத்தை இருந்தாள். முடிந்ததும் நேராகப் பிலிப்பாவிடம் போனாள்.

"அது என் தம்பி குரல் இல்ல."

பிலிப்பாவின் முகம் சுருங்கியது. "ஆமாம்மா. அன்னிக்குக் காத்து ரொம்ப. ஜெனரேட்டர் சத்தம் வேற. பேச்சு தெளிவா விழல. வெளிநாட்டுல பாக்கறவங்களுக்கும் புரியணுமேன்னு ஒரு நடிகரை வச்சு... ரொம்பப் பெரிய நடிகர்மா அவரு."

"பெரியவரா இருக்கட்டும். என் தம்பி பேசினது எங்க?"

"நானும் தேடச் சொன்னேன். தேவையில்லாததுன்னு அழிச்சுட்டாங்களாம். எங்கயும் இல்ல. மன்னிச்சுக்கங்கம்மா." பிறகு அவசரமாக, "அந்தக் காட்சியை உங்களுக்குன்னு தனியா வெட்டிக் கொண்டுவந்திருக்கேன்" என்று என் கைப்பேசிக்கு அனுப்பினாள். அவள் கண் கலங்கியது உண்மைதான். அவளுடைய படகு கிளம்பும் நேரமும் உண்மைதான்.

வெளியே லெண்டோர் காத்திருந்தார். தொப்பி கையில் இருந்தது.

"எர்னெல், நான் சும்மா அடிக்கல."

"தெரியும்."

"அவன் நின்னுட்டான். வழக்கமா நிக்கிற இடம். ஒரு மூச்சு பொறுத்தேன். ரெண்டு மூச்சு பொறுத்தேன். அவன் படியைப் பாத்தான். அங்க ஜெனரேட்டர் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தியிருந்தாங்க. அவன் திரும்பலையே. அப்படியே பாத்துட்டு நிக்கிறான். நான் என்ன பண்ணட்டும்?"

"நான் எங்க இருந்தேன் அப்ப?"

லெண்டோர் தொப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நீ துவைச்சுட்டு இருந்தே. படக்காரங்க சட்டையெல்லாம் உன்கிட்டதானே கொடுத்தாங்க."

அத்தை கரண்டியைக் கை மாற்றிக்கொண்டாள்.

"சாயந்தரம் வந்து என்கிட்ட ஒரு வரிகூட விடலன்னு சொன்னான். தோள் வீங்கியிருந்துச்சு. என்னடான்னு கேட்டா, பாய்மரம் இடிச்சிருச்சுன்னான். எண்ணெய் தேச்சு விட்டேன்."

"உனக்குத் தெரிஞ்சா வருத்தப்படுவேன்னு..."

"வாயை மூடு லெண்டோரு."

அவர் சிறிது தூரம் பின்னாலேயே வந்தார். "கல்லு வைக்கிற அன்னிக்கு நான் வேணா அந்தப் பேச்சைச் சொல்றேன். அவன் மாதிரியே சொல்லப் பாக்கறேன்."

"அவன் மாதிரி ஒருத்தனைத்தான் இப்ப கேட்டுட்டு வந்தேன்" என்றாள். லெண்டோர் அங்கேயே நின்றுவிட்டார்.

அன்று அவளை அறையில் விட்டபோது, சுவரோரம் உட்கார்ந்து அந்தப் பேச்சைத் தானே சொல்லிப் பார்த்தாள். முதலிலிருந்து கடைசிவரை, ஒரு சொல் தவறாமல்.

"எல்லாம் வருது" என்றாள். "என் குரல்லதான் வருது. அவன் குரலை நாளெல்லாம் காதுல கேட்டுட்டு இருந்தேன், எங்கயும் போகாதுன்னு நினைச்சேன். இப்ப நினைச்சுப் பாத்தா அந்த நடிகன் பேசறான். அவன் வந்து உக்காந்துட்டான் காதுக்குள்ள."

ஆட்டை வேண்டாமென்று சொல்லியனுப்பினாள். சேர்த்து வைத்த சோளத்தைக் கோழி வைத்திருந்தவளுக்குக் கொடுத்தாள். எப்போது கல் வைக்கப்போகிறாள் என்று பாதிரியார் ஆள் விட்டுக் கேட்டார். "ஊரை என்ன சொல்லிக் கூப்பிடறது? சத்தமில்லாமத்தான் புதைச்சேன், சத்தமில்லாமயே கல்லும் வைக்கணுமா?" என்று கேட்டுத் திருப்பி அனுப்பினாள்.

இரண்டு வாரம் கழித்து என்னைக் கூப்பிட்டாள்.

"அந்தப் பொண்ணு அனுப்பிச்சது உன்கிட்ட இருக்கா?"

"இருக்கு அத்தை. வேண்டாமே."

"போடு. சத்தத்தை அடைச்சுட்டுப் போடு."

ஒலியை நிறுத்திவிட்டுக் கைப்பேசியை அவள் கையில் கொடுத்தேன். துவைத்துத் துவைத்து வெளுத்துச் சுருங்கிய விரல்கள், வேலை இல்லாமல் போனபிறகும் அப்படியேதான் இருந்தன. திரையை முகத்தருகே பிடித்துக்கொண்டாள். கஸிமிர் நடந்து வந்தான். இடதுகாலை வீசி வைத்தான். கையை உயர்த்தினான். அத்தை சத்தமில்லாமல் அவனோடு கூடவே வாயசைத்துக்கொண்டு வந்தாள். அந்த இடத்தில் அவன் தோள் ஏறி நின்றது. முகமூடி திரும்பியது. இப்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தது அவளை. அவள் அந்த வரியைச் சொன்னாள். ஒவ்வொரு சொல்லாக, உதடு நன்றாகத் தெரியும்படி, சின்னப் பிள்ளைக்குச் சொல்வதுபோல் சொன்னாள்.

சாட்டை விழுந்தது.

"திரும்பப் போடு" என்றாள்.

இப்போது தினமும் சாயங்காலம் போகிறேன். எனக்கு ஒரு கப்பலில் வேலை வந்திருக்கிறது, அவளிடம் இன்னும் சொல்லவில்லை. அவளிடம் கைப்பேசி கிடையாது. ஒவ்வொரு தடவையும் அவள் சரியான வரியைத்தான் சொல்கிறாள். ஒவ்வொரு தடவையும் அவன் அவளையே பார்த்துக்கொண்டு நின்று அடி வாங்குகிறான். கல் துணி போர்த்தியபடி மூலையில் நிற்கிறது. மழை வந்தால் தார்ப்பாய் அங்கேதான் ஒழுகும் என்பதால், அதன் தலையில் ஒரு அலுமினியக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைத்திருக்கிறாள்.